காருக்குள் பாட்டு வந்த கதை

போன மாதம் என் பேரன் ஒரு பழைய ஆல்ட்டோ கார் வாங்கினான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, சொந்தச் சம்பாத்தியம். வண்டியை வாசலில் நிறுத்தியதும் அவன் கேட்ட முதல் கேள்வி டயரைப் பற்றியும் இல்லை, பிரேக்கைப் பற்றியும் இல்லை. "தாத்தா, பத்தாயிரத்துக்குள்ள இதுல நல்ல பாட்டு செட்டு போட முடியுமா?" என்றுதான் கேட்டான்.

"முடியும்யா. ஆனா பணத்தை நான் சொல்ற வரிசையில செலவழிக்கணும்" என்றேன்.

அந்த வரிசையை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் காருக்குள் பாட்டு எப்படி வந்தது என்கிற கதை. நம் வயதுக்காரர்களுக்கு அதில் பாதி கண்ணால் பார்த்ததாகவே இருக்கும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பால் கால்வின் என்பவர் சிறிய தொழிற்சாலை ஒன்று நடத்தி வந்தார். 1930-இல், ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டமாக இருந்த நேரத்தில், கார்களுக்கென்று ஒரு ரேடியோவைச் செய்தார். மோட்டார் என்ற சொல்லோடு அந்தக் காலத்துப் பாட்டுப் பெட்டிகளின் பெயரில் வரும் 'ஓலா'வைச் சேர்த்து அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தார். பின்னாளில் நாம் கைப்பேசியில் பார்த்த அதே மோட்டரோலாதான். அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ வியாபாரிகளின் மாநாடு நடந்தபோது, உள்ளே கடை போட அவரிடம் இடம் இல்லை. தன் காரை வாசலில் நிறுத்திச் சத்தத்தை ஏற்றி வைத்து, வருகிறவர் போகிறவரைக் கேட்க வைத்தார் என்பார்கள்.

அந்த ரேடியோ 110 முதல் 130 டாலர் வரை விற்றது. அதே காலத்தில் ஒரு புதிய போர்டு மாடல் ஏ காரே ஏறக்குறைய 500 டாலர்தான். வண்டி விலையில் கால் பங்கைப் பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். பொருத்துவதும் லேசான வேலை இல்லை. கூரைத் துணியைப் பிரித்து ஏரியல் கம்பியை ஓட்ட வேண்டும். தரைக்கு அடியில் தனி பேட்டரிகள் வைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் கிளப்பும் இரைச்சலை அடக்கத் தனித்தனியாகத் தடைகள் போட வேண்டும்.

கால்வினைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. தொழிலுக்குக் கடன் கேட்டு ஒரு வங்கியாளரைப் பார்க்கப் போனவர், நல்லெண்ணத்துக்காக அவருடைய பாக்கார்டு காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துக்கொண்டதாம். கடன் கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. காரணம் பிறகு.

ஐரோப்பாவில் 1932-இல் புளாபுங்க்ட் என்ற ஜெர்மன் கம்பெனி கார் ரேடியோ கொண்டுவந்தது. அங்கும் அது பணக்காரர் பொருள்தான். அப்போதெல்லாம் ரேடியோவுக்குள் இருந்தவை வால்வுகள். அவற்றுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காரில் இருப்பதோ 6 அல்லது 12 வோல்ட் பேட்டரி. ஆகவே வைப்ரேட்டர் என்று ஒரு சாதனத்தை உள்ளே வைத்தார்கள். அது மின்சாரத்தை நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டிக் கொடுக்க, டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை ஏற்றிவிடும். பாட்டுக்கு முன்னால் வைப்ரேட்டரின் ரீங்காரம் கேட்கும். 1955-இல் கிரைஸ்லர் கார்களுக்காக பில்கோ கம்பெனி வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் ரேடியோவைச் செய்த பிறகுதான் இந்தத் தொல்லை ஒழியத் தொடங்கியது. அதன் விலை 150 டாலர்.

இனி நம் பக்கம் வருவோம்.

மதுரை ஒரு மோட்டார் ஊர். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்த ஊர். பஸ், லாரி, உதிரி பாகம், பாடி கட்டுவது, வயரிங் வேலை என்று ஒரு பட்டறை மூடினால் அதில் வேலை பார்த்த பையன்கள் நான்கு பட்டறை திறப்பார்கள். திருமங்கலம் அதற்குத் தெற்கே இருபது கிலோமீட்டர். விருதுநகர் சாலையும் ராஜபாளையம் சாலையும் பிரிகிற இடம். ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் குறையாத ஊர். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தபால் துறை எழுத்தராக இங்கே வந்து சேர்ந்தபோது, டாக்சி ஸ்டாண்டில் நின்ற அம்பாசடர்களில் ரேடியோ வைத்த வண்டியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின்படி எடுக்க வேண்டியது அது. தபாலாபீசில்தான் கொடுப்போம். வீட்டு ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய். சிறிய புத்தகம் ஒன்று இருக்கும். வருடா வருடம் அதைக் கொண்டுவந்து புதுப்பிக்க வேண்டும். காரில் இருந்தாலும் ரேடியோ ரேடியோதான். எத்தனையோ பேர் என் கவுண்டரில் நின்று, "வண்டியில வச்சிருக்கிற டப்பாவுக்கும் காசா சார்?" என்று சண்டை போட்டிருக்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் மத்திய அரசு இந்த லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டது. பல வருடம் எழுதிய ஒரு பதிவேட்டை மூடுகிற வருத்தம் எனக்கு இருந்தது. மக்களுக்கு மகிழ்ச்சிதான்.

1975 வாக்கில் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) ஸ்டாண்டில் ஒரு அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் என் சித்தப்பா ஊருக்கு வந்தார். எங்கள் பூர்வீகம் புதுச்சேரி. சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் சொல்தா என்போமே, அந்த வகை. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் ஒரு பிலிப்ஸ் கார் ரேடியோவைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை மச்சானுக்குக் கொடுத்தார். விளக்கப் புத்தகம் முழுக்க பிரெஞ்சு. நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மீடியம். ஆகவே மொழிபெயர்ப்பு வேலை எனக்கு வந்தது. முதலில் லைசென்ஸ் எடுக்கச் சொன்னேன். நானே கவுண்டரில் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று 'மாஸ்'. அதற்குப் பொருள் எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடம்பு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடம்போடு சேர்த்திருப்பார்கள். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் நெகட்டிவ். நம் அம்பாசடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மாடலில் இருந்து வந்தது. மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் செட்டு நொடியில் வெந்துவிடும். அதனால் ரேடியோவின் பின்னால் ஒரு சின்ன பிளக்கைத் திருப்பிப் போடும்படி வைத்திருந்தார்கள். வண்டியின் பேட்டரியைப் பார்த்து, அதற்கேற்றபடி பிளக்கைப் போட்ட பிறகே இணைப்புக் கொடுத்தோம்.

இன்னொரு சொல் 'ஃப்யூஸிப்ல்'. அது ஃபியூஸ். பிரெஞ்சில் அதற்கு நேர்ப்பொருள் 'உருகக்கூடியது'. நாம் ஃபியூஸ் போய்விட்டது என்று அலுத்துக்கொள்கிறோம். உருகுவதுதான் அதன் வேலை என்று அந்தப் பெயரே சொல்கிறது. பேட்டரியில் இருந்து வரும் கம்பியில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதை வைக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மச்சானிடம் கொடுத்தேன். அவர் எழுதியபடியே செய்தார். அந்த ரேடியோ அம்பாசடரை விற்கும் வரை பாடியது.

அதில் என்ன கேட்டோம் என்று சொல்லவே வேண்டாம். மதுரைக்கு அப்போது சொந்த வானொலி நிலையம் கிடையாது. திருச்சியும் திருநெல்வேலியும் மத்திய அலையில் வரும். ஆனால் மச்சானின் முள் பெரும்பாலும் இலங்கை வானொலியில்தான் நிற்கும். ஐம்பதுகளில் கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தது. கேட்கிற கூட்டமெல்லாம் கொழும்புப் பக்கம் திரும்பிவிட்டது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகும் நம் பக்கத்துக்காரர்கள் முழுதாகத் திரும்பி வரவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது இவர்களின் குரல்கள் நம் வீட்டு ஆட்களின் குரல் மாதிரி ஆகிவிட்டிருந்தன. என் மனைவிக்கு மச்சானின் காரில் ஏறுவதே அந்தக் குரல்களுக்காகத்தான்.

அது ஒற்றை ஸ்பீக்கர். டாஷ்போர்டு நடுவில் இருக்கும். ஸ்டீரியோ என்ற பேச்சு நம் ஊருக்கு வந்தது கேசட்டோடுதான்.

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகம் செய்தது. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் லூ ஆட்டென்ஸ். சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே ஓடும். இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் இசை தேறாது, பேச்சைப் பதிவு செய்யத்தான் ஆகும் என்று பலர் நினைத்தார்கள். 1968-இல் அதே பிலிப்ஸ் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த கார் செட்டை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் அதற்கு முன்பே எட்டு டிராக் என்ற பெரிய நாடாப் பெட்டி போர்டு கார்களில் வந்துவிட்டிருந்தது. அதைக் கொண்டுவந்த வில்லியம் லியர் ஒரு காலத்தில் கால்வினோடு கார் ரேடியோ வேலையில் இருந்தவர். பிறகு லியர்ஜெட் விமானம் செய்ததும் அவரேதான். ஆனால் கடைசியில் நின்றது சட்டைப்பைக் கேசட்.

நமக்கு அது எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் டூ-இன்-ஒன் பெட்டிகளோடு வந்தது. எண்பதுகளில் டெல்லியில் குல்ஷன் குமார் போன்றவர்கள் விலையைக் குறைத்துக் கேசட்டை மளிகைச் சாமான் மாதிரி ஆக்கினார்கள். நம் ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். மூன்று நாள் கழித்துப் போனால், அட்டையில் அழகான கையெழுத்தில் பாட்டு வரிசையோடு கொடுப்பார்கள். இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' 1978-இல் வந்தது. ஸ்டீரியோ என்றாலே அந்தப் படத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள். இடது காதில் ஒரு கருவி, வலது காதில் ஒரு கருவி என்று பிரித்துக் கேட்ட ஆச்சரியம் இன்னும் மறக்கவில்லை. ஒற்றை ஸ்பீக்கர் வண்டிக்காரர்களுக்கெல்லாம் அப்போதுதான் குறை தெரிந்தது.

ஆனால் கம்பெனி செட்டு யாரால் வாங்க முடியும்? வெளிநாட்டுச் சாமானுக்குச் சுங்க வரி தலைக்கு மேல். அம்பாசடரும் பியட்டும் ஸ்பீக்கருக்கு இடம் விட்டுச் செய்த வண்டிகளும் அல்ல. இங்கேதான் நம் ஊர்ப் பையன்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் உதிரியாகச் சாமான்கள் வரும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் அவை கிடைக்கும். கேசட் ஓட்டும் பகுதி ஒரு பக்கம், ஆம்ப்ளிபயர் பலகை ஒரு பக்கம், தகரப் பெட்டி ஒரு பக்கம். மூன்றையும் சேர்த்தால் 'அசெம்பிள் செட்டு'.

அந்தப் பலகையின் உயிர் சான்யோ கம்பெனியின் 4440 ஐசி. ஒரே சில்லில் இரண்டு சானல், ஒவ்வொன்றுக்கும் 6 வாட். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினால் 19 வாட். 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். சில கெப்பாசிட்டர்கள் போதும். வேன், மினி பஸ், டிராக்டர், கோயில் திருவிழா என்று இந்த ஐசி பாடாத இடம் இல்லை. ஸ்பீக்கர்களைக் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வைப்பார்கள். டிக்கி முழுவதும் அதற்குப் பெட்டியாக அமைந்துவிடும். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்தால் அடித்தொனி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டிக்கி அதைப் பிரித்துவைக்கும். படிக்காத பையன்கள் காதால் கண்டுபிடித்த பௌதிகம் இது. ஒரே குறை, நம் சித்திரை வெயிலில் பின்பலகைக் காகிதக் கோன்கள் இரண்டு கோடைகளில் அப்பளமாகிவிடும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1988-இல் மச்சான் வைத்திருந்த பழைய பியட்டை நான் சொசைட்டிக் கடனில் வாங்கினேன். மனைவி ஒரு ஆசை சொன்னாள். ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த பத்துப் பன்னிரண்டு கேசட்டுகள் வீட்டில் இருந்தன. அவற்றைக் காரில் கேட்க வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் 700 ரூபாய்க்கு ஒரு அசெம்பிள் செட்டு வாங்கினேன். ஸ்பீக்கர் தனி. பொருத்த இங்கேயே ஒரு எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் நல்ல வேலைக்காரர். வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், பேட்டரியிலேர்ந்து தனி வயரு, ஃபியூஸ் ஹோல்டர், உள்ள நுழையிற ஓட்டையில ரப்பர் வளையம், எல்லாம் சேர்த்து முப்பத்தஞ்சு ரூபா ஆகும். போட்டுரவா?"

மாதக் கடைசி. செட்டுக்கே கையை மீறிச் செலவழித்திருந்தேன். "அதெல்லாம் எதுக்குப்பா, இருக்கிற வயர்ல நேரா குடு" என்றேன். அவர் ஒரு தடவை தயங்கினார். நான் மறுபடி சொன்னேன். கொடுத்துவிட்டார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆறு மாதம் நன்றாகப் பாடியது. ஒரு நாள் இரவு மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து திரும்பினோம். பின் சீட்டில் ஆறு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். திருநகர் தாண்டி, கப்பலூர் பக்கம் வரும்போது பாட்டு நின்றது. ரப்பர் கருகுகிற வாடை. அடுத்த நொடி டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. வண்டியை ஓரம் கட்டினேன். சாவியைத் திருகி எடுத்தேன். புகை நிற்கவில்லை. நிற்காது. கம்பி சாவியின் வழியாக வரவில்லை, பேட்டரியிலிருந்து நேராக வந்தது. மனைவி பின் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி ஓடினாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் ஸ்பேனரோடு குதித்து வந்து, பானெட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றி எறிந்தார். புகை அடங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தவர் என்னைக் கேட்டார்:

"ஃபியூஸ் எங்கய்யா?"

நடந்தது இதுதான். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் இருக்கிறது. அதில் இருந்த ஓட்டை வழியாகக் கம்பி போயிருந்தது. ரப்பர் வளையம் இல்லாததால் தகரத்தின் விளிம்பு ஆறு மாத அதிர்ச்சியில் மேலுறையை அறுத்துவிட்டது. கம்பி நேராக வண்டி உடம்பைத் தொட்டது. கார் பேட்டரி அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். அடுப்புக் கம்பி போல ஒயர் சிவந்துவிடும். ஃபியூஸ் இருந்திருந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் உருகியிருக்கும். 'உருகக்கூடியது' என்று பதின்மூன்று வருடம் முன்பு என் கையாலேயே தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்.

அதைவிடப் பெரிய தவறு அடுத்து நடந்தது. மறுநாள் ஆபீசில் கேட்டவர்களுக்கெல்லாம், "எலெக்ட்ரீஷியன் கவனக்குறைவா கனெக்ஷன் கொடுத்துட்டான்" என்று சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். உறவுக்காரர்களிடம் சொன்னேன். சின்ன ஊர். அரசாங்க உத்தியோகஸ்தன் சொன்னால் நம்புவார்கள். அவரிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் வேறு பட்டறைக்குப் போனார்கள் என்று காதில் விழுந்தது. அவர் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரில் இனி பாட்டே வேண்டாம் என்று செட்டைக் கழற்றிவிட்டேன். பதினோரு வருடம் எங்கள் வண்டி பாடவில்லை. ஒரு நாள் நான் யாரிடமோ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நீங்கதானே வேண்டாம்னீங்க." அதற்குப் பிறகு நான் அந்தக் கதையைச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று மனசு வந்தபோது, பட்டறை இருந்த இடத்தில் வேறு கடை இருந்தது. குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இதற்குள் உலகம் எங்கோ போய்விட்டது. 1984-இலேயே பயனியர் கம்பெனி கார் சி.டி. பிளேயரை விற்கத் தொடங்கியிருந்தது. நம் ஊருக்கு அது வர இன்னும் பல வருடம் பிடித்தது. 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகு, ரேடியோவுக்கென்றே டாஷ்போர்டில் இடம் விட்ட சின்னக் கார்கள் நம் தெருவுக்குள் வந்தன. 180 மில்லிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் என்று அந்த ஓட்டைக்கு ஜெர்மானியர்கள் வகுத்த ஓர் அளவு உலகம் முழுவதற்கும் பொதுவாயிற்று. எந்தக் கம்பெனி செட்டையும் எந்தக் காரிலும் நுழைக்கலாம் என்ற நிலை வந்ததும் விலை இறங்கத் தொடங்கியது. பண்பலை வந்தது. கொடைக்கானல் நிலையம் 100.5-இல் நம் சமவெளி முழுவதும் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் எளிது. பண்பலை அலை கண்ணுக்கு எட்டுகிற தூரம் நேராகப் போவது. கோபுரம் இரண்டாயிரம் மீட்டர் உயர மலையில் நின்றால் நம் கண்ணும் அதற்கு எட்டும்தானே. பிறகு எம்பி3, பென் டிரைவ், புளூடூத். 1930-இல் கார் விலையில் கால் பங்காக இருந்த பெட்டி இன்று ஒரு நல்ல டயரின் விலைக்குக் கிடைக்கிறது.

கம்பியின் வேலை மட்டும் மாறவில்லை.

பேரனுக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இதுதான். முதலில் கம்பி. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைச் செம்பு என்று விற்கிறார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், வேண்டாம். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். தகரச் சுவரில் ரப்பர் வளையம். எர்த் கம்பிக்குப் பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்கமான போல்ட். எர்த் சரியில்லாவிட்டால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு விசில் சத்தம் பாட்டில் சேரும். வண்டியின் ஒயரை வெட்டாமல், அந்த மாடலுக்கென்று விற்கும் கப்ளரை வாங்கிச் சொருக வேண்டும். மஞ்சள் எப்போதும் மின்சாரம், சிவப்பு சாவி போட்டால் மின்சாரம், கறுப்பு எர்த். எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

இரண்டாவது, கதவு. ஸ்பீக்கர் பொருத்தும் தகரத்தில் அதிர்ச்சியை அடக்கும் ஷீட் ஒட்டி, தேவையில்லாத ஓட்டைகளை மூட வேண்டும். அம்பாசடருக்கு டிக்கி செய்த வேலையை இங்கே கதவு செய்யும். 1,100 ரூபாய். மூன்றாவது, முன் கதவுகளுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர், 2,200 ரூபாய். பின்னால் வேண்டாம். பாட்டு நமக்கு முன்னால் இருந்து வந்தால் போதும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பார்க்க ஒரு டார்ச் செல் போதும். இணைப்புக் கொடுப்பதற்கு முன் செல்லின் பாசிட்டிவை ஸ்பீக்கரின் பாசிட்டிவில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் அடித்தொனி காணாமல் போகும்.

கடைசியாகத்தான் பெட்டி. கடைக்காரர் "50 வாட் இன்டு நாலு" என்றார். பின்னால் திருப்பிப் பார்த்தேன். ஃபியூஸ் 10 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் சொச்சம். பெருக்கினால் 140 வாட். உள்ளே போவதே 140 என்றால் வெளியே 200 எப்படி வரும்? உண்மையில் ஒரு சானலுக்கு 20 வாட் சுத்தமாக வந்தால் பெரிது. ஒரு சின்னக் காருக்கு அது தாராளம். 3,400 ரூபாய் பெட்டியே போதும் என்று வாங்கினோம். பொருத்துக் கூலி 1,000. ஆக மொத்தம் 8,350 ரூபாய்.

பொருத்தின தம்பி, "ஐயா, செட்டுக்குள்ளயே ஃபியூஸ் இருக்குல்ல, பேட்டரிகிட்ட வேற எதுக்கு?" என்று கேட்டான். செட்டில் உள்ள ஃபியூஸ் செட்டைக் காக்கும், பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் கம்பியையும் வண்டிக்குள் இருப்பவர்களையும் காக்கும் என்று சொன்னேன். ரப்பர் வளையத்தை நானே என் கையால் சொருகினேன். கைக்கு முன்போல் பலம் இல்லை, கொஞ்ச நேரம் பிடித்தது. போன ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் போய்வந்தோம். கப்பலூர் டோல்கேட் தாண்டும்போது மனைவி, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுய்யா" என்று பேரனிடம் சொன்னாள்.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வண்டியில் புதிதாக எதையாவது மாட்டினால், பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்வதற்கு முன் ஃபியூஸைக் காட்டச் சொல்லுங்கள்.

1988-இல் திருமங்கலத்தில் என் பியட்டுக்கு வேலை செய்த அந்த எலெக்ட்ரீஷியனோ அவர் வீட்டார் யாரோ இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்ல வேண்டும். தவறு அவருடையது அல்ல. அவர் முப்பத்தைந்து ரூபாய் கேட்டார். நான்தான் கொடுக்கவில்லை.